கொடுங்கம்மா, நானே செய்துவிடுகிறேன்



பெங்களூரில் குடியேறிய நம்முடைய குடும்பங்களில் கணினித் துறையில் வேலை செய்கிற பிள்ளைகள் அநேகர் உண்டு. அதே வீட்டில், மின்கட்டணம் செலுத்துவதற்கு மகன் அலுவலகத்திலிருந்து திரும்பும்வரை தாயார் காத்திருக்கிறார். கற்றுக்கொடுக்க ஆளில்லாததினால் அல்ல. கற்றுக்கொடுக்க உட்காருகிற மகன் இரண்டே நிமிடத்தில், "கொடுங்கம்மா, நானே செய்துவிடுகிறேன்" என்று கைப்பேசியை வாங்கிக்கொள்ளுகிறான்!

அரசாங்கங்களும் இதற்குத் தப்பவில்லை. கர்நாடகத்தில் 2001-ல் தொடங்கிய மாஹிதி சிந்து திட்டத்தில், அரசு உயர்நிலைப் பள்ளிகளின் கணினிக் கல்வி தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நிறுவனத்தின் பயிற்றுநர் வகுப்பை நடத்தினார். பள்ளியின் சொந்த ஆசிரியர்களோ பெரும்பாலும் ஒதுங்கி நின்றார்கள். ஒப்பந்தம் முடிந்தபின் அந்த அறையை நடத்த யார் இருப்பார்கள்? ஏறக்குறைய அதே காலத்தில் கேரளம், ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின்மூலம் தன் ஆசிரியர்களையே கணினியின் முன்பாக உட்காரவைத்துப் பழக்கியது.

பெங்களூரிலுள்ள ஐ.டி. ஃபார் சேஞ்ச் என்னும் அமைப்பு இவ்விரு வழிகளையும் ஒப்பிட்டு எழுதியதோடு நின்றுவிடாமல், 2010-களில் கர்நாடகக் கல்வித் துறையோடு சேர்ந்து பாட ஆசிரியர்களுக்குப் பயிலரங்குகளை நடத்தியது. ஜியோஜீப்ரா என்னும் மென்பொருளில் கணித ஆசிரியர் ஒரு முக்கோணத்தை வரைந்து, அதன் ஒரு முனையைப் பிடித்து இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கோணங்களும் மாறுகின்றன. அவற்றின் கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையாகவே நிற்கிறது. கரும்பலகையில் பல ஆண்டுகள் எழுதிவந்ததைத் தம் கையாலேயே அசைத்துப் பார்க்கிறவருக்குக் கணினி அதன்பின் அந்நியமாயிராது.

நம் வாலிபர்கள் சனிக்கிழமை மாலையில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்த விரும்பினால், மேல்நாட்டுப் பழக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1998-ல் விஞ்ஞானிகளுக்காகத் தொடங்கப்பட்ட சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி பயிலரங்குகளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிற ஒட்டுத்தாள்கள் தரப்படுகின்றன. செய்து முடித்தவர் ஒன்றைக் கணினியின்மேல் ஒட்டுகிறார். தடுமாறுகிறவர் மற்றொன்றை ஒட்டுகிறார். கையை உயர்த்த வெட்கப்படுகிற நம் சகோதரிகளுக்கு இது எத்தனை உதவி! அங்கே கற்பிக்கிறவர் எல்லாருக்கும் முன்பாகத் தாமே தட்டச்சு செய்கிறார். பிழை வந்தால் மறைக்காமல் அங்கேயே திருத்திக்காட்டுகிறார்.

வீட்டில் தொடர்ந்து பழக விரும்புகிறவர்களுக்கு மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் உண்டு. பாடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ பத்து நிமிடம். நிறுத்தி நிறுத்தி, கூடவே செய்து பார்க்க வேண்டும்.

முதல் வகுப்பிலேயே கணினியின் பாகங்களை மனப்பாடம் செய்விக்க வேண்டாம். தேவையிலிருந்து தொடங்குங்கள். யுபிஐ வழியாகப் பணம் அனுப்பப் பயப்படுகிற தாயார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சகோதரிக்கு ஒரு ரூபாய் அனுப்பி, அது போய்ச் சேருவதைத் தாமே பார்க்கட்டும். பணம் அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும், பெற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதை அப்போதே சொல்லிக்கொடுங்கள். அந்த எண்ணை அவர் அழுத்தும்போது, கற்பிக்கிற தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும்.