கோப்பைக்கு ஒரு வாரம், பணிக்கு நாற்பது ஆண்டு

கடைசி ஆட்டத்தில் ஜெயித்தவன்தான் ஆள்; மற்றவர்கள் எல்லாம் கூட்டத்தோடு வந்து போனவர்கள். விளையாட்டு உலகில் இதைவிடப் பரவலான நம்பிக்கை இன்னொன்று இல்லை. தொலைக்காட்சி வர்ணனையாளர் முதல் டீக்கடை நிபுணர் வரை ஒரு பயிற்சியாளரை எடைபோட வந்தால் முதலில் கேட்பது, “எத்தனை கோப்பை?” என்றுதான். பதில் பூஜ்யம் என்றால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும்.

இந்த அவசரத் தீர்ப்புக்கு ஆளானவர்களில் முக்கியமானவர் மைக் மார்ட்டின். அமெரிக்காவின் டாலஹாசி நகரிலுள்ள ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணிக்கு 1980 முதல் 2019 வரை, 40 சீசன்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். வெற்றி 2,029, தோல்வி 736, சமன் 4. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் வேறெந்தப் பேஸ்பால் பயிற்சியாளரும் அதுவரை இத்தனை ஆட்டங்களை வென்றதில்லை. ஒரு சீசனில்கூட அவருடைய அணி 40 வெற்றிகளுக்குக் கீழே போகவில்லை. 40 ஆண்டுகளும் தேசியத் தொடருக்குத் தகுதி பெற்றது. ஓமஹா நகரில் நடக்கும் கல்லூரி உலகத் தொடருக்கு 17 முறை சென்றது. 17 முறையும் கோப்பை இல்லாமல் திரும்பியது.

அந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஓமஹாவில் அணி தோற்கும்போதெல்லாம் அதே பல்லவி: பெரிய ஆட்டம் என்றால் இவருக்குச் சரிவராது. 2024 பிப்ரவரியில் தம் 79ஆம் வயதில் அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகளும் இந்தக் குறையைச் சொல்லாமல் விடவில்லை.

இந்தப் பல்லவியைப் பாடுபவர்கள் முதலில் பேஸ்பாலின் இயல்பைப் பார்க்க வேண்டும். எவ்வளவு பலமான அணியும் அடிக்கடி தோற்கும் விளையாட்டு அது. 1906இல் தொழில்முறை அணியான சிகாகோ கப்ஸ் 116 ஆட்டங்களில் வென்று 36இல் மட்டுமே தோற்றது. ஆனால் இறுதித் தொடரில் அதே ஊரின் வைட் சாக்ஸிடம் வீழ்ந்தது. 2001இல் சியாட்டில் மரைனர்ஸும் அதே 116 வெற்றிகளை எட்டியது. உலகத் தொடர் எனப்படும் அந்த இறுதித் தொடருக்குள் நுழையவே முடியவில்லை. காரணம் வெளிப்படையானது. ஆட்டத்தின் போக்கைப் பெரிதும் தீர்மானிப்பவர் பந்தை வீசும் பிட்சர். முதல் வரிசைப் பிட்சர் ஒருமுறை வீசினால் பல நாள் ஓய்வெடுத்தாக வேண்டும். ஆகவே இன்று மோதும் அணியும் நாளை மோதும் அணியும் ஒரே பலத்தில் இருப்பதில்லை. எதிரணியில் ஒரு பிட்சருக்கு ஓர் இரவு கை நன்றாக அமைந்துவிட்டால், மாதக்கணக்கான பயிற்சி சில மணி நேரத்தில் செல்லாமல் போகும்.

அப்படிப்பட்ட விளையாட்டில் ஓமஹாவுக்கு வருபவை எட்டே அணிகள். இரண்டு தோல்வி கண்டால் வெளியே. எட்டு அணிகளும் சமபலம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 17 முறை போயும் ஒருமுறைகூடப் பட்டம் கிடைக்காமல் இருக்க ஏறத்தாழ பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. மார்ட்டினின் அணி மற்றவற்றைவிடச் சற்று வலுவானது என்று வைத்தால் இந்த வாய்ப்பு குறையும், இல்லாமல் போகாது. நீண்ட காலம் பணியாற்றிய பயிற்சியாளர்கள் பலர் இருக்கும் நாட்டில் யாரோ ஒருவர் தலையில் இது விழத்தான் செய்யும். இதற்கு மன உறுதியில் ஓட்டை என்று பெயர் வைப்பது கணக்குத் தெரியாதவர் வேலை.

இறுதி ஆட்டம் வரை அவர் இரண்டு முறை போனார். 1986இல் அரிசோனாவிடம் 10-2 என்று தோல்வி. அதில் வாதிட ஒன்றுமில்லை. 1999இல் மியாமியிடம் 6-5. ஒரே ஓட்டம். அன்று முடிவு மாறியிருந்தால் அதே மனிதர், அதே பயிற்சி முறை, அதே மாணவர்கள் எல்லாம் ‘சாம்பியன்’ வரிசைக்குப் போயிருப்பார்கள். 40 ஆண்டு உழைப்பின் மதிப்பை ஓர் ஓட்டம் புரட்டிப் போடும் என்றால், கோளாறு அளவுகோலில்தான் இருக்கிறது.

எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. லூசியானா ஸ்டேட்டின் ஸ்கிப் பெர்ட்மன் 18 ஆண்டுகளில் 5 பட்டங்கள் வென்றார். மார்ட்டினுக்கு முன் 1,975 வெற்றிகளோடு சாதனையை வைத்திருந்த ஆகி கரிடோவும் ஃபுல்லர்ட்டன், டெக்சஸ் என இரு இடங்களில் 5 பட்டங்கள் வென்றவர். அதிர்ஷ்டம்தான் எல்லாம் என்றால் இவர்களுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? நியாயமான கேள்வி. ஓமஹாவின் ஒரு வாரத்தில் ஆட்டத்தை நடத்தும் திறமையில் அவர்கள் மார்ட்டினைவிட மேல் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் பயிற்சியாளரின் வேலையில் அது ஒரு பகுதிதான். அந்த ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்ததற்காக மொத்தத்தில் ‘ஃபெயில்’ போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கல்லூரிப் பயிற்சியாளரின் வேலையில் மீதி என்ன? தொழில்முறை அணியைப் போல இவரால் ஒரு நட்சத்திரத்தைப் பத்து ஆண்டு வைத்துக்கொள்ள முடியாது. 18 வயதில் வரும் பையன் தேறினால், மூன்றாம் ஆண்டு முடிவில் தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுத்துக்கொண்டு போய்விடும். தேறாதவன் நான்காம் ஆண்டில் பட்டம் வாங்கிப் போவான். மார்ட்டின் காலத்தில் பெரும்பகுதி ஓர் அணிக்கு அனுமதிக்கப்பட்ட முழு உதவித்தொகை 11.7 மட்டுமே. அதைத்தான் இரண்டு டஜனுக்கும் மேற்பட்ட வீரர்களுக்குப் பிட்டுப் பிட்டுக் கொடுக்க வேண்டும். அதாவது மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை முழு அணியையும் அடியிலிருந்து கட்ட வேண்டும். அதை அவர் பத்துத் தடவைக்கு மேல் செய்தார். ஒருமுறையும் தரம் சரியவில்லை.

மார்ட்டினிடம் வந்த பஸ்டர் போசியைப் பாருங்கள். ஷார்ட்ஸ்டாப் என்ற உட்களத் தடுப்பாளராக வந்த பையன் இரண்டாம் ஆண்டில், பிட்சர் வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சராக மாற்றப்பட்டான். 2008இல் நாட்டின் மிகச் சிறந்த அமெச்சூர் வீரருக்கான கோல்டன் ஸ்பைக்ஸ் விருது அவனுக்கு. பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸின் கேட்சராக 2010, 2012, 2014 என மூன்று உலகத் தொடர்ப் பட்டங்கள். ஆனால் அதே 2008இல், நாட்டின் தலைசிறந்த வீரனை வைத்துக்கொண்டே ஃபுளோரிடா ஸ்டேட் ஓமஹாவில் இரண்டு ஆட்டமும் தோற்று வெளியேறியது. அந்த வாரத்தை வைத்து எடைபோட்டால் அந்த ஆண்டின் பயிற்சி வீண். போசியை வைத்து எடைபோட்டால்?

இன்னொரு சாட்சியம் அவர் விலகிய பிறகு வந்தது. அடுத்துப் பொறுப்பேற்ற மகன் மைக் மார்ட்டின் ஜூனியர் மூன்று சீசன்களில் நீக்கப்பட்டார். அவர் போன பிறகு வந்த 2023 சீசனை அணி 23 வெற்றி, 31 தோல்வி என்று முடித்தது. தேசியத் தொடரில் இடமே இல்லை. ஆண்டுதோறும் தானாக நடப்பதாக எல்லோரும் நினைத்திருந்த ஒன்று தானாக நடக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மறு ஆண்டே அணியை ஓமஹாவுக்குக் கொண்டுபோன லிங்க் ஜாரட், மார்ட்டினிடம் விளையாடிப் பயின்றவர்.

ஜெயிக்கத்தானே விளையாடுகிறோம் என்பார்கள். ஆமாம். மார்ட்டினும் ஜெயிக்கத்தான் விளையாடினார். 2019இல், 75 வயதில், கடைசி சீசனில் அவருடைய அணி 36 வெற்றிகளோடு தட்டுத் தடுமாறித் தேசியத் தொடருக்குள் நுழைந்தது. ஜார்ஜியாவில் மூன்று ஆட்டங்களையும், லூசியானா ஸ்டேட்டின் சொந்த மைதானத்தில் இரண்டையும் வென்று ஓமஹா போனது. அங்கே அர்கன்சாவை 1-0 என்று வென்றது. அடுத்த இரண்டில் தோற்றது. மொத்தம் 42 வெற்றி. 40 என்ற கோடு கடைசி ஆண்டிலும் தாண்டப்பட்டது.

வெற்றியை மதிப்பது வேறு, கோப்பையை மட்டும் வெற்றி என்பது வேறு. 40 ஆண்டு வகுப்பு முழுவதையும் தேறவைத்த ஆசிரியரை, ஒருவன்கூட மாநில முதலிடம் வாங்கவில்லை என்று சொல்லி யாரும் தோற்றவர் என்று அழைப்பதில்லை. பயிற்சியாளர் என்று வந்தவுடன் மட்டும் அந்த நியாயத்தைக் கைவிடுகிறோம். விளைவு, கல்லூரி நிர்வாகங்கள் ஒரு வார முடிவைப் பார்த்து ஆளை மாற்றுகின்றன. மாணவனைப் பொறுமையாக உருவாக்குவதைவிட உடனடிப் பலன் தரும் ஆளைத் தேடுவதே புத்திசாலித்தனம் என்ற பாடத்தைப் பயிற்சியாளர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

எத்தனை கோப்பை என்ற கேள்வியை யாரும் விட்டுவிட வேண்டியதில்லை. அதை மூன்றாவதாகக் கேளுங்கள். எத்தனை ஆண்டு தரம் குறையாமல் நடத்தினார், அவரிடம் வந்த பையன்கள் என்ன ஆனார்கள் என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள். அந்த வரிசையில் கேட்டால் மைக் மார்ட்டின் தம் துறையின் முதல் வரிசையில் நிற்பார்.