சானடோரியத்துல ஏறி, சேத்துப்பட்டுல இறங்கு!

சிட்லபாக்கம் ஏரியா ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு கேள்வி. தினமும் காலேஜுக்கு ட்ரெயின் பிடிக்கிறீங்களே, அந்த ஸ்டேஷனுக்கு ஏன் 'தாம்பரம் சானடோரியம்'னு பேரு?

1928-ல் டாக்டர் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை ஆரம்பித்தார். அதுதான் காரணம். அப்போ டி.பி.க்கு மருந்தே கிடையாது. நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு... அவ்வளவுதான் வைத்தியம்!

மருந்து வந்த பிறகும், 'ஆஸ்பத்திரியில் படுத்தாதான் குணமாகும்' என்றே பலரும் நம்பினார்கள். அதை உடைத்தது நம்ம மெட்ராஸ். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி மையம், ஒரு குரூப் நோயாளிகளை சானடோரியத்திலும் இன்னொரு குரூப்பை வீட்டிலுமே வைத்து, ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. 1959-ல் ரிசல்ட் வந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். உலகம் முழுக்க டி.பி. வைத்தியத்தின் ரூட்டே மாறியது. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சரி, குணமாச்சுன்னு எப்படித் தெரிந்தது? மாசா மாசம் யாரோ ஒருவர் சளியை எடுத்து டெஸ்ட் பண்ணினாரே, அதனால்தான்!

அந்த 'யாரோ ஒருவர்' வேலைதான் இந்த வார மேட்டர். மைக்ரோபயாலஜி, பயோடெக், எம்.எல்.டி. படிக்கிறவங்க கவனிங்க. லேபில் முதல் வேலை பெரிய கண்டுபிடிப்பு எல்லாம் இல்லை. லேபிள் ஒட்டணும், ரிஜிஸ்டர் எழுதணும், சளியைச் சுத்தப்படுத்தி, முட்டை கலந்த பச்சை மீடியத்தில் போட்டுக் காத்திருக்கணும். சாதாரண ஈ-கோலை 20 நிமிஷத்தில் இரண்டாகும். டி.பி. கிருமிக்கு சுமார் 20 மணி நேரம்! அதனால் கல்ச்சர் ரிசல்ட்டுக்கு எட்டு வாரம்கூட ஆகலாம். 'ஜீன் எக்ஸ்பர்ட்' மெஷின் இரண்டே மணி நேரத்தில் சொல்லிவிடும்தான். ஆனா, செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் அது காட்டும். மருந்து சாப்பிட்டவர் குணமாகிவிட்டாரா என்று பார்க்க ஸ்லைடும் கல்ச்சரும்தான் கைகொடுக்கும்.

ஸ்லைடில் 'நெகட்டிவ்'னு எழுதறதுக்கு முன்னாடி மைக்ரோஸ்கோப்பில் 100 இடமாவது பார்க்கணும். அறுபதாவதில் கண்ணு வலிக்கும், பசிக்கும், யாரும் கவனிக்கவும் மாட்டாங்க. அங்கேயே நிறுத்திட்டு 'நெகட்டிவ்' போட்டால், கிருமியோடு ஒருத்தர் வீட்டுக்குப் போவார். பக்கத்தில் அவர் குழந்தை தூங்கும். இந்த வேலையோட கனம் அதுதான்.

இன்னொண்ணும் சொல்லணும். இதெல்லாம் பெரும்பாலும் ப்ராஜெக்ட் வேலை. ப்ராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடியும். அதனால இன்டர்வியூவில் கூச்சப்படாம கேளுங்க: எத்தனை மாசம்? ட்ரெய்னிங் உண்டா? பாதுகாப்பு கேபினெட், என்-95 மாஸ்க் இருக்கா? பதில் மழுப்பலா வந்தா, 'தேங்க் யூ சார்' சொல்லிட்டு எழுந்து வந்துடுங்க. அடுத்தவர் நுரையீரல் மாதிரியே உங்களுதும் முக்கியம் பாஸ்!