முற்றத்துச் செல்வம்: ஊர்ச் சேவல்களும் நம் வீட்டுக் கோழிகளும்



கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசும்போது தீனியைப் பற்றியும் கூண்டைப் பற்றியும் பேசுகிறோம். பருந்துக்கும் கீரிக்கும் அஞ்சுகிறோம். ஆனால் வேலிக்கு அப்பாலிருந்து, கொண்டையை நிமிர்த்திக்கொண்டு, விருந்தாளியைப் போல் நடந்து வரும் ஊர்ச் சேவலை நாம் பொருட்படுத்துவதே இல்லை. 'வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே' என்று இருந்துவிடுகிறோம். நானும் அவ்வாறே இருந்தேன். அதன் விளைவாக ஒன்பது கோழிகளில் ஏழினை ஒரே வாரத்தில் இழந்தேன். அந்த அனுபவமே இத்திங்கள் நம் உரையாடலுக்குப் பொருள்.

எங்கள் தெருவில் மூன்று சேவல்கள் திரிந்தன. இரண்டு, வீட்டைக் காலி செய்துகொண்டு வேற்றூர் சென்றவர்கள் பிடிக்க இயலாமல் விட்டுப் போனவை. மூன்றாவது, அடுத்த வீட்டுப் பெண்மணி தம் குழந்தையின் காய்ச்சல் தணிய வேண்டுமென்று ஊர் எல்லைக் கோவிலுக்கு நேர்ந்து விட்டது. விடியற்காலையில் நான் குருணை இறைக்கும் ஓசை கேட்டதும் மூன்றும் வேலியைத் தாண்டி வந்துவிடும். என் பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரியத் தொடங்கியது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது பழமொழி. ஆனால் அயல் சேவல்கள் மூன்றும் மாறி மாறி மிதித்தால் பெட்டைக்கோழி புண்பட்டுத்தான் போகும். அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒருநாள் அச்சேவல்களுள் ஒன்று எங்கள் முருங்கை மரத்தடியில் இறக்கை தொங்கிக் குறுகி நின்றது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. பச்சையும் வெண்மையுமாகக் கழிந்தது. மூன்றாம் நாள் இறந்தது. அதன்பின் ஒரு வாரம் செல்வதற்குள் என் கோழிகளிலும் அதே குறிகள் தோன்றின. சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. கிராமத்தார் வெள்ளைக்கழிச்சல் என்று அழைக்கும் இராணிக்கெட் நோய் அது. 1920-களில் அறிஞர்கள் இனங்கண்டு பெயரிட்ட இந்நோய், இமயமலைச் சாரலில் உள்ள இராணிக்கேத் என்னும் ஊரால் நம் நாட்டில் அப்பெயர் பெற்றது. நோய் வந்தபின் இதற்கு மருந்து இல்லை. வருமுன் தடுப்பூசி போடுவதே வழி. முட்டை விற்ற பணத்தில் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவைப் பார்த்துவந்த எனக்கு அவ்வாரம் எப்படிக் கழிந்திருக்கும் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

சினம் முதலில் அடுத்த வீட்டின் மீதே பாய்ந்தது. வேலியருகே நின்று கடுஞ்சொற்கள் பேசினேன். அவரோ கண்கலங்கி, "அக்கா, சாமிக்கு நேர்ந்த உயிர். நான் எப்படி அதைக் கட்டி வைப்பேன்?" என்றார். நம்மவரும் திருத்தலங்களுக்கு ஆட்டையும் கோழியையும் நேர்ந்துகொள்வது உண்டல்லவா? அத்தாயின் மனம் எனக்கு விளங்கியது. மேலும், இறந்தது நேர்ந்து விட்ட சேவல் அன்று. விட்டுப்போன இரண்டில் ஒன்று. நான் பழித்ததோ குற்றமற்ற சேவலையும் அதை வளர்த்தவரையும். அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். தடுப்பூசி போடாதவள் நான். முற்றமெங்கும் தானியத்தை இறைத்து ஊர்ச் சேவல்களுக்கு அழைப்பு விடுத்தவளும் நானே.

இத்தகைய தொல்லை நம் தெருவுக்கு மட்டும் உரியதன்று. பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் உரிமையாளரற்ற கோழிகள் எங்கும் நிறைந்திருக்கின்றன. பண்டைய பாலினேசியர் தம் படகுகளில் கொண்டு வந்த செங்காட்டுக் கோழியின் வழித்தோன்றல்களோடு, 1982-இல் வீசிய இவா, 1992-இல் வீசிய இனிகி ஆகிய புயல்களில் கூண்டுகள் சிதைந்து தப்பிய வளர்ப்புக் கோழிகளும் கலந்தன என்று கருதுகிறார்கள். இவ்விரு மரபும் கலந்திருப்பதை 2015-இல் வெளியான மரபணு ஆய்வும் காட்டியது. பிற ஹவாய்த் தீவுகளில் தரைப்பறவைகளை வேட்டையாடும் கீரி, கவாயில் நிலைகொள்ளவில்லை. ஆதலால் அவை பெருகின. அமெரிக்காவின் கீ வெஸ்ட் நகரிலும் இதே நிலைமை. அந்நகர மன்றம் 2021-இல் தெருக்கோழிகளுக்குத் தீனி போடுவதைத் தடை செய்தது. இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு: சேவலை விரட்டுவதைவிட, அது வருவதற்கான காரணத்தை நீக்குவதே பயன் தரும்.

ஆகையால் முதலாவதாக, தீனியைத் திறந்த முற்றத்தில் இறைக்காதீர்கள். காலையிலும் மாலையிலும் கூண்டுக்குள்ளேயே வையுங்கள். அரைமணி நேரத்தில் மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். தண்ணீர்ப் பாத்திரமும் உள்ளேயே இருக்கட்டும். பல கோழிகள் வாய் வைக்கும் பாத்திரம் நோய்க்கு வாயில்.

இரண்டாவதாக, வேலி. நான்கடி வேலியைச் சேவல் எளிதில் தாண்டும். வேலியை உயர்த்துவதைவிட மேலே வலை கட்டுவதே சிக்கனம். கடற்கரை ஊர்களில் பழைய மீன்வலை மலிவாகக் கிடைக்கும். நான்கு கழிகளை நட்டு அதனை விரித்துவிட்டால் பருந்தும் வராது, ஊர்ச் சேவலும் வராது. இரவில் அடையும் கூண்டு தரையிலிருந்து இரண்டடி உயர்ந்திருப்பது நலம். கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி இடம் வேண்டும்.

மூன்றாவதாக, தடுப்பூசி. குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு; எட்டு வாரத்துக்குப் பிறகு இறக்கையடியில் ஊசி. தமிழகக் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரித் திங்களில் இதற்காக இரு வார முகாம் நடத்திவருகிறது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் நாள் கேட்டறியலாம். நோய் கண்டபின் ஊசி போடுவதால் பயனில்லை. புதிதாக வாங்கிய கோழியையும் பிடித்து வந்த சேவலையும் மூன்று வாரமேனும் தனியே வைத்துப் பாருங்கள். இறந்த கோழியைக் குப்பையில் எறியாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

நான்காவதாக, முட்டை. 'சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டையிடுமா?' என்று பலர் வினவுகிறார்கள். இடும். சேவல் வேண்டுவது குஞ்சு பொரிப்பதற்கே. விற்பனைக்கு மட்டும் முட்டை தேவையெனில், சேவல் அணுகாத முட்டையே நல்லது. நம் கோடை வெயிலில் கருவுற்ற முட்டை விரைவில் கெடும். சுவையிலோ சத்திலோ வேறுபாடு இல்லை. அடை வைக்க விரும்புவோர் மற்றொன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஒருமுறை சேவலுடன் சேர்ந்த பெட்டை இரண்டு மூன்று வாரம் வரை கருவுற்ற முட்டையிடக்கூடும். எனவே ஊர்ச் சேவலை விலக்கிய மறுநாளே எடுத்த முட்டையை அடை வைத்தால், 21 நாள் கழித்துப் பொரிவது உங்கள் நல்லினச் சேவலின் குஞ்சுதானா என்பது உறுதியில்லை. மூன்று வாரம் பொறுத்திருந்து, உங்கள் சேவலை விட்டு, அதன் பிறகே முட்டை சேருங்கள். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

எங்கள் தெருவில் எஞ்சியிருந்த இரண்டு சேவல்களை என்ன செய்தோம்? இருட்டிய பின் கோழிக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. எதிர்ப்பின்றிக் கைக்குள் அடங்கிவிடும். கிளையில் அடைந்திருந்த, விட்டுப்போனவற்றுள் எஞ்சிய சேவலை ஒரிரவு பிடித்துத் தனியே வைத்துப் பார்த்தோம். நோயின்றி இருந்ததால் தெருவார் ஒப்புதலுடன் ஊருக்கு வெளியே உள்ள உழவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். நேர்ந்து விட்ட சேவலை என்ன செய்வதென்பதே சிக்கலாயிற்று. இறுதியில் அடுத்த வீட்டம்மாவிடம் நானே சென்று, பேசிய கடுஞ்சொல்லுக்கு வருந்துவதாகக் கூறினேன். "உன் நேர்த்திக்கு நான் எதிரியல்ல, தங்கச்சி. கோவில் கொடை வரையில் உன் முற்றத்திலேயே பஞ்சாரத்தில் வைத்துக்கொள், தீனிக்கு நானும் தருகிறேன்" என்றேன். சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "கட்டி வைப்பது தவறென்று நினைத்தேன், அக்கா. பத்திரமாக வைப்பதும் நேர்த்திதானே" என்றார்.

மறுமாதம் அவர் வீட்டுக் கோழி இட்ட பன்னிரண்டு முட்டைகளைத் தவிட்டில் புதைத்து ஒரு கூடையில் கொண்டுவந்து என் திண்ணையில் வைத்தார். எஞ்சிய இரண்டு பெட்டைகளில் ஒன்று அப்போது அடைக்கு வந்திருந்தது. பன்னிரண்டில் ஒன்று கூமுட்டை, இரண்டு பொரியவில்லை, ஒன்பது குஞ்சுகள் வெளிவந்தன. ஏழாம் நாள் அவற்றைக் கூடையில் இட்டுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு சென்றபோது, அடுத்த வீட்டம்மாவும் தம் குஞ்சுகளோடு என்னுடன் வந்தார்.

கோழிக்கு வேலி வேண்டும். ஆனால் கோழிக்காக இரு வீடுகளுக்கிடையே எழும் வேலியைத் தாழ்வாகவே வைத்துக்கொள்வோம். நம் கோழிக்கு ஊசி போட்டால் போதாது. தெருவிலுள்ள கோழிகளனைத்துக்கும் போட்டால்தான் நம் கோழி பிழைக்கும். ஆதலால் இம்முறை முகாமுக்குச் செல்லும்போது, தனியே செல்லாமல் பக்கத்து வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள்.