எல்லைக் கல்லும் நோயாளியின் ஏடும்

களியக்காவிளையில் பேருந்தைவிட்டு இறங்கித் திருவனந்தபுரம் சாலையில் சிறிது தூரம் நடந்தால் இஞ்சிவிளை வந்துவிடும். வழியில் எங்கோ தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கிவிட்டது. எங்கே என்று கடைப் பலகையின் எழுத்துச் சொல்லும், மண் சொல்லாது, காய்ச்சலும் சொல்லாது. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை இப்பாலே நின்றுவிட்டது. அந்தப் பழைய வழக்கைப் புதுப்பிப்பது என் நோக்கமன்று. கோடு கிழித்தவர்கள் நோயாளியின் கால்களைக் கட்டிப்போடவில்லை. அதைப்பற்றித்தான் எழுத வந்தேன்.

விளவங்கோட்டுக்காரருக்கு நெஞ்சுவலி என்றால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு ஓடுகிறார். பாறசாலைக்காரர் பாட்டன் காலத்துப் பழக்கத்தில், 1838-இல் தொடங்கிய நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். மனிதர் ஒருவர்தாம், அவர் நோயை எழுதிவைக்கும் ஏடுகளோ இரண்டு. கேரளத்தில் காருண்ய ஆரோக்ய சுரக்ஷா பத்ததி. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018-இல் வந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இரண்டும் பிணைக்கப்பட்டவை. இரண்டும் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை தருபவை. ஏழைக்கு இவை பெரும் துணை என்பதில் எனக்கு ஐயமில்லை. கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கவேண்டிய பல குடும்பங்கள் இவற்றால் நிமிர்ந்திருக்கின்றன.

இந்தப் பணம் சும்மா வருவதில்லை. நோயாளி படுக்கையில் சேர்ந்ததும் ஆதார், நிழற்படம், சோதனை முடிவுகள், செய்யப்போகும் சிகிச்சையின் குறியீடு எல்லாம் கணிப்பொறி வழியே போகின்றன. அனுமதி வந்த பின்னர்தான் கத்தி தொடும். வீடு திரும்பும்போது இன்னொரு கட்டு ஆவணம். இப்படி இந்நாட்டு ஏழைகளின் உடல்பற்றிய பேரேடு ஒன்று நாள்தோறும் வளர்கிறது. அரசாங்கம் இதைச் சேர்க்கலாமா, கூடாதா?

சேர்க்கத்தான் வேண்டும் என்பதே என் கட்சி. ‘எவன் நோயை எவன் எழுதுவது’ என்று விடுதியில் ஒரு நண்பர் கொதித்தார். அவருக்கு நான் சொன்ன மறுமொழி இது: 2023-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 7,49,820 பயனாளிகளின் பெயருக்கு நேரே 9999999999 என்ற ஒரே தொலைபேசி எண் இருப்பதைக் கண்டுபிடித்தது. ஏடு இருந்ததால்தானே அந்தக் கூத்து வெளிப்பட்டது? எழுதாத கணக்கில் திருட்டையும் பிடிக்க முடியாது, கொள்ளைநோயையும் பிடிக்க முடியாது.

ஆனால் விஞ்ஞான மாணவன் என்ற முறையில் எனக்கு வேறொரு குறை. இந்த ஏடு நோயின் கணக்கன்று, பணத்தின் கணக்கு. 1,949 சிகிச்சைகளுக்கு விலை குறித்த பட்டியல் ஒன்று 2022-இல் வந்தது. பட்டியலில் விலை உள்ளது ஏட்டில் ஏறும். விலை இல்லாதது ஏறாது.

என் வீட்டுக் கதையே சான்று. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகப் பாறசாலைக்குக் குடிவந்தவர்கள் என் பெற்றோர். இரண்டாண்டுக்கு முன் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல்லை எடுத்தார்கள். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். மலையாளம் சரளமாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார். வீட்டுக்குத் தந்த தாளைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். சென்ற ஓணம் விடுமுறையில்தான் நான் அதை எடுத்துப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, “என் சக்கரையப் பத்தி ஒண்ணுமே எழுதலையேல?” என்றார். பன்னிரண்டு ஆண்டாக அவரை வாட்டும் நோய் அதுதான்! வெளிநோயாளிச் சீட்டில் வாங்கும் மாத்திரைக்குக் காப்பீட்டில் இடமில்லை. ஆகவே காப்பீட்டு ஏட்டின்படி அம்மா பித்தப்பையில் கல் இருந்த ஒரு பெண், அவ்வளவே. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடுதேடி மருந்து தரும் தமிழ்நாட்டுத் திட்டம் 2021-இல் தொடங்கியது. அதன் பதிவு வேறு.

அமெரிக்காவில் இதுவே தலைகீழ். முதியோர் மருத்துவ உதவியை நடத்தும் தனியார் காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து, நோயாளி மருத்துவரைச் சந்தித்த ஒவ்வொரு முறைக்குமான விவரத்தை அந்த அரசாங்கம் 2012 முதல் வாங்குகிறது. அங்கே நோயாளிக்கு நோய்கள் கூடினால் நிறுவனத்துக்குத் தொகையும் கூடும். எனவே இல்லாத நோயும் ஏட்டில் முளைக்கிறது என்பது அந்நாட்டார் குற்றச்சாட்டு. இங்கே உள்ள நோய் மறைகிறது. வியப்பென்ன? பணம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, பேனாவும் அந்தப் பக்கமே சாயும்.

இனி இரகசியம். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பர் சிலர். அமெரிக்க மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர் காப்பீட்டு ஆணையம் அப்படித்தான் பெயரை நீக்கி விவரத்தை ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. 1990-களில் லதான்யா ஸ்வீனி என்னும் மாணவி 20 டாலருக்குக் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கி, பிறந்த நாள், பால், அஞ்சல் எண் என்ற மூன்றையும் ஒப்பிட்டு, ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவையே எடுத்துக் காட்டிவிட்டார். ஆளுநருக்கே அந்தக் கதி! 695502 என்ற அஞ்சல் எண்ணுக்குள், மலையாளப் பெயர்களுக்கு நடுவே தமிழ்ப் பெயரோடு வாழும் ஒரு கைம்பெண்ணைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? நம் வாக்காளர் பட்டியலில் வயதும் வீட்டுப் பெயரும் கணவர் பெயருமே இருக்கின்றன. காசநோய் என்று ஒரு சொல் கசிந்தால், பெண் கேட்டு வந்தவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

கேரளத்துக்கு இது புதிதன்று. 2020-இல் கோவிட் விவரங்களை ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணிப்பொறியில் ஏற்றியபோது வழக்கு எழுந்தது. ஆளை அடையாளம் காணமுடியாதபடி செய்த பிறகே அந்நிறுவனம் பார்க்கலாம், மக்களுக்கு அறிவித்து ஒப்புதல் பெறவேண்டும் என்று ஏப்ரல் 24-இல் உயர்நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. 2023-இல் வந்த தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை எட்டாம் அட்டவணை மொழிகளில் எதிலும் படிக்க வாய்ப்புத் தரவேண்டும் என்கிறது. தமிழ் அதில் உண்டு. ஆனால் அதே சட்டம், அரசாங்கம் மானியமோ சலுகையோ வழங்கும்போது பல நிலைகளில் புதிதாக ஒப்புதல் கேட்கவேண்டியதில்லை என்றும் சொல்கிறது. கேளாத ஒப்புதலுக்கு மொழி ஏது? ஒரு கையால் கொடுத்த தமிழை மறுகையால் வாங்கிக்கொண்டார்கள்!

தோழர்களே, நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. எழுதட்டும், ஆனால் எழுதியதை முதலில் படிக்கவேண்டியவர் நோயாளி. பாறசாலை, நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனைகளிலும் காப்பீட்டு மேசைகளிலும் என்ன எழுதுகிறார்கள், எங்கே அனுப்புகிறார்கள், பிழையிருந்தால் யாரிடம் சொல்வது என்று ஒரு பக்கத் தமிழ்த் தாள் இருக்கவேண்டும். கேரளத்து 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே, அரசோடு தமிழில் கடிதம் எழுதும் உரிமையைச் சிறுபான்மையினருக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு தாள் அச்சிட என்ன தடை? விளவங்கோடு, நெய்யாற்றின்கரை ஆகிய இரு தாலுகாக்களின் கணக்கையும், பெயரில்லாமல் தொகை மட்டும், இரு அரசுகளும் பரிமாறிக்கொள்வதும் நடக்காத காரியமன்று.

அந்தத் தாளுக்கு ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மன்றக் கூட்டத்தில் படிக்கிறேன். சட்டம் பயில்வோரும் மலையாளம் நன்கு அறிந்தோரும் அன்று வந்து திருத்தித் தரவேண்டும். என் மலையாள இலக்கணம் அவ்வளவு நம்பத்தக்கதன்று.