கையெழுத்து வேறு, சம்மதம் வேறு

மருத்துவ விஞ்ஞானம் வளர வேண்டுமானால் மனிதரிடத்தில் சோதனை நடந்தே ஆகவேண்டும். இதை மறுப்பார் இலர். ஆனால், சோதனைக்கு உடலைத் தருபவர் அறிந்து தருகிறாரா, அறியாமல் தருகிறாரா? இதுவே நம்முன் நிற்கும் வினா.

அமெரிக்காவின் டஸ்கெகீ பகுதியில் 1932-இல் அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கியது. அதில் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களுள் 399 பேருக்குச் சிபிலிஸ் என்னும் மேகநோய். 'இரத்தம் கெட்டுவிட்டது, வைத்தியம் செய்கிறோம்' என்று சொல்லி, நோய் முற்றுவதை வேடிக்கை பார்த்தனர். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972-இல் பத்திரிகைகள் அம்பலப்படுத்திய பின்னரே அக்கொடுமை நின்றது.

அயல்நாட்டுக் கதைதானே என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. 2009-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுத் திட்டம் ஒன்று சிறுமியரிடையே நடைபெற்றது. அவர்களுள் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். சில சிறுமியர் இறந்த செய்தி எழவே, 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. அவ்விறப்புகளுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. எனினும், ஆந்திரத்தின் 9,543 சம்மதப் படிவங்களுள் 2,763-இல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள் என்பதை நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் எடுத்துக்காட்டியது.

பெற்றோர் தொலைவில் இருக்கையில் காப்பாளர் கையெழுத்திட்டால் என்ன என்று கேட்பார் உண்டு. சோறிட்டுக் காப்பவர் பிள்ளையின் உடலுக்கு உரியவர் ஆகிவிடுவாரா? மேலதிகாரி நீட்டிய படிவத்தை அவர்தாம் மறுக்க இயலுமா? 'வேண்டாம்' என்று சொல்ல வழியில்லாத இடத்தில் 'சரி' என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. மருந்து நல்லதே என்பது கேளாமல் கொடுப்பதற்கு நியாயம் ஆகாது. கேளாமல் கொடுத்தால் நல்ல மருந்தின் மீதும் மக்களுக்கு ஐயம் பிறக்கும்.

இன்று 2019-ஆம் ஆண்டின் மருத்துவச் சோதனை விதிகள் உள்ளன. எழுதப் படிக்கத் தெரியாதவர் சம்மதிக்கும்போது நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆயினும், விதி ஏட்டில் இருந்தால் போதுமா?

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நம் வீட்டார் முன் ஒரு படிவம் நீட்டப்படும் நாளில், அதை முழுவதும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவோம். 'வேண்டாமென்றால் சிகிச்சை நின்றுவிடுமா?' என்று முதலில் கேட்போம். நாம் கற்ற கல்விக்கு அதுவன்றோ பயன்!