சபை வந்தது, காணி வரவில்லை

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவை இலங்கைப் பாராளுமன்றம் 2018இல் திருத்தியது. பெருந்தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபையின் பணத்தைச் செலவிடலாம் என்பதே அத்திருத்தத்தின் சாரம். சட்டப் புத்தகத்தில் அது சில வரிகள்தான். அந்தச் சில வரிகள் இல்லாததால், டிக்கோயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே மண்ணுக்குள் போனவர்கள் பாதைக்கும் தண்ணீருக்கும் தோட்ட முகாமையாளரான துரையின் பங்களாப் படியேற வேண்டியிருந்தது. திருத்தம் வந்த பிறகும் அந்தப் படியேற்றம் முழுதாக நிற்கவில்லை. சட்டம் செலவுக்கு வழி திறந்தது. செலவு செய்ய வேண்டிய நிலத்தைத் தொடாமல் விட்டது.

பழைய நிலை விசித்திரமானது. தோட்டத்தில் குடியிருப்பவர் பிரதேச சபைத் தேர்தலில் வாக்களித்தார், வேட்பாளராக நின்றார், சபையில் உறுப்பினராக அமர்ந்தார். பயிர் நிலத்தின் மீது ஏக்கர் வரி அறவிடவும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் சபைகளுக்கு இடமளித்திருந்தது. ஆனால் 33ஆம் பிரிவு வாசிக்கப்பட்ட விதத்தில், சபை அமைக்கும் பாதையும் கிணறும் கிராமத்துக்கே உரியவை. தோட்டம் என்பது கம்பனியின் இடம்; அதற்குள் பொதுப்பணம் போனால் கணக்காய்வில் கேள்வி வரும். வரி வாங்கும்போது தோட்டம் சபைக்கு உள்ளே, செலவு செய்யும்போது வெளியே. லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், வாக்குகளால் வென்ற உறுப்பினர், அதே லயத்துக்கு ஏறும் படிக்கட்டுக்குச் சீமெந்து பூசக்கூடச் சபை வழியாக வகையின்றி, தொழிற்சங்கத் தலைவரையோ அமைச்சரின் நிதியையோ தேடிப் போனார். மலையக அரசியலில் தொழிற்சங்கத்துக்கு இவ்வளவு பலம் எப்படி வந்தது என்பதற்கு இதுவும் ஒரு விடை. கான் வெட்டவும் கூரைத் தகடு மாற்றவும் வேறு வாசல் இருக்கவில்லை.

டிக்கோயாவில் இந்த எல்லைக்கோடு கண்ணுக்கே தெரியும். கடைத்தெரு ஹற்றன்-டிக்கோயா நகர சபைக்கு உட்பட்டது. அங்கே மதிப்பீட்டு வரி கட்டுகிறவர் தெருவிளக்கு எரியவில்லை என்றால் சபையில் போய்ச் சண்டை பிடிக்கலாம். கடைகள் முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் அந்த உரிமையும் முடிந்தது. மலையேறும் பாதைகள் வெள்ளைக்காரக் கம்பனிகள் போட்டவை; கொழுந்து ஸ்டோருக்கு வந்து சேரவேண்டும் என்பதற்காகப் போட்டவை. லொறி ஓடாத பாதையைச் செப்பனிடத் தோட்ட நிர்வாகத்துக்குக் காரணம் எதுவும் இல்லை. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு எழுந்த வைத்தியசாலையை 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். வைத்தியசாலை யாருடையது என்பதில் ஐயமில்லை. மேற்பிரிவு லயத்திலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை அங்கே கொண்டுவரும் பாதை யாருடையது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இந்த ஒதுக்கம் 1987இல் தொடங்கியதல்ல. தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்குக் கிராமச் சபை வாக்குரிமை 1930களின் பிற்பகுதியிலேயே மறுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாட்டுக்கே அந்நியராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றியது. எஞ்சியவர்களின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. நாட்டின் குடிமக்கள் என்று ஏற்றுக்கொண்ட பிறகும், ஊரின் குடிமக்கள் என்று ஏற்றுக்கொள்ள இன்னும் 15 ஆண்டுகள் பிடித்தன.

2018ஐ ஒட்டி மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. அம்பகமுவ பிரதேச சபை ஒன்றின் கீழ் மட்டும் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். நுவரெலியா பிரதேச சபையின் நிலையும் அதுவே. முதலாவது அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்றும், இரண்டாவது நுவரெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை என்றும் மும்மூன்றாகப் பிரிக்கப்பட்டன. புதிய சபைகளுக்கு 2018 பெப்ரவரி 10ஆம் திகதி தேர்தல் நடந்தது. அதே ஆண்டில் 33ஆம் பிரிவுத் திருத்தமும், மலையகப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையை உருவாக்கிய 32ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறின. சட்டம் செய்யும் அளவில் மலையகத்துக்கு அதைவிட நல்ல ஆண்டு அண்மைக்காலத்தில் இல்லை.

பிறகு நடந்தது வேறு. கொரோனாவும் 2022இன் பொருளாதார நெருக்கடியும் சபைகளின் வருமானத்தை வற்றச் செய்தன. சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச் மாதத்தில் முடிந்தது. அதே மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தலுக்குத் திறைசேரி பணம் விடுவிக்கவில்லை. தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதியில். இடைப்பட்ட 2 ஆண்டுகளுக்கும் மேலாகச் சபைகளை நடத்தியவர்கள் செயலாளர்கள். தோட்டத்துக்குச் செலவிடலாம் என்ற சட்டம் கையில் இருந்தபோது, அதைக் கேட்டு வாங்கும் உறுப்பினர் இல்லாமற்போனார். திருத்தம் பலன் தரவில்லை என்று இப்போதே தீர்ப்புச் சொல்லுகிறவர்கள் இந்தக் காலக்கணக்கையும் பார்க்க வேண்டும்.

ஆனால் தேர்தல் தாமதத்தைக் காட்டி எல்லாவற்றையும் மன்னித்துவிடவும் முடியாது. அடிப்படைக் குறை நிலத்தில் இருக்கிறது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகையும் கைமாறியது. ஆக, மண் அரசினது, பயன்பாடு கம்பனியினது. அந்தக் குத்தகைக்குள் தேயிலை மட்டும் அடங்கவில்லை. லயம், லயத்து முற்றம், மரக்கறித் துண்டு, கோயில், பிள்ளை மடுவம், விளையாட்டு மைதானம், மயானம், ஊற்று எல்லாம் அதற்குள்தான். சபை ஒரு பாதையைத் தன் பொறுப்பில் எடுக்க வேண்டுமானால் அது சபை வீதியாகப் பதிவாக வேண்டும். கம்பனியின் குத்தகைக் காணியில் ஓடும் பாதையை நிர்வாகத்தின் இணக்கமின்றி அப்படிப் பதிவது நடைமுறையில் நடப்பதில்லை. துரை கடிதம் கொடுத்தால் வேலை தொடங்கும். கொடுக்காவிட்டால் சபையின் தீர்மானம் கோப்பில் கிடக்கும். மக்கள் தேர்ந்தெடுத்த சபையின் அதிகாரம் ஒரு தோட்ட முகாமையாளரின் கையெழுத்துக்குக் காத்திருப்பது எந்த வகை உள்ளூராட்சி?

சம்பளச் சட்டங்களைப் பற்றி நாடு முழுவதும் பேசப்படுகிறது. அவற்றோடு ஒப்பிட்டால் இந்தக் குறை எவர் காதிலும் விழுவதில்லை. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறின. 2024 மே மாதத்தின் 1,700 ரூபா வர்த்தமானியை உயர் நீதிமன்றம் ஜூலையில் இடைநிறுத்தியது. செப்டெம்பரில் 1,350 ரூபா என்று புதிய வர்த்தமானி வந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, அரசாங்கமே நாளொன்றுக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவும் தருவதாக அறிவித்தது. உயர்வு வரவேற்கத்தக்கது. தனியார் கம்பனியின் சம்பளக் கணக்கில் பொதுமக்களின் வரிப்பணம் எத்தனை நாளைக்கு என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எப்படியானாலும் சம்பளச் சட்டம் தொடுவது மலைக்குப் போகிறவரை மட்டும். லயங்களில் இருப்போரில் பெரும்பாலானோர் இன்று தோட்டத்தில் பேர் பதிந்தவர்கள் அல்லர். கொழும்பில் கடையில் நிற்கும் பையன், மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் தாய், ஓய்வுபெற்ற தாத்தா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஆகிய எல்லோருக்கும் முகவரி லயம்தான். அவர்களைத் தொழிலாளராக அன்றிக் குடியிருப்பாளராகப் பார்க்கும் சட்டங்களில் 33ஆம் பிரிவு முக்கியமானது. அதைப் பலப்படுத்துவது சம்பள உயர்வுக்குச் சற்றும் குறைந்த கோரிக்கை ஆகாது.

வீட்டுத் திட்டங்களிலும் இதே முடிச்சு. 2015க்குப் பிறகு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற கொள்கை வந்தது. இந்திய அரசு முதலில் 4,000 வீடுகளுக்கும், 2017இல் நோர்வூட் மைதானத்தில் மோடி அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளுக்கும் உதவ முன்வந்தது. பணம் வந்த வேகத்தில் காணி வரவில்லை. வீடு கட்டி முடிந்து குடியேறிய பிறகும் உறுதிக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. 2025 அக்டோபரில் பண்டாரவளையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்களை வழங்கியபோது, அவை காணி உறுதிகள் அல்ல என்ற விமர்சனம் உடனேயே எழுந்தது. வங்கியில் வைத்துக் கடன் எடுக்கவும், பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கவும், வழக்கென்று வந்தால் நீதிமன்றத்தில் காட்டவும் முடிந்தால்தான் அது உறுதி. விழா மேடையில் கைமாறும் தாளை அந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

மண்சரிவு இந்தக் கேள்வியை ஒத்திப்போட விடாது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே இருந்தது. போவதற்கு வேறு காணி இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாடு முழுவதையும் சரித்துப் போட்டபோதும் அதே கதை. கிராமத்தவர் தம் காணியை இழந்தேன் என்று விண்ணப்பிக்கலாம். லயத்துக் குடும்பம் இழந்ததாக எழுதிக் காட்டக்கூடிய காணி ஏதும் இல்லை. மாற்று நிலத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாதுகாப்பானது என்று அடையாளம் காட்டினாலும், அது கம்பனியின் குத்தகைக்குள் இருந்தால் மறுபடியும் அதே கடிதத்துக்குக் காத்திருப்பு.

கம்பனிகளின் வாதம் அறியாததல்ல. குடியிருப்பைப் பிரித்துக் கொடுத்தால் தேயிலை நிலம் குறையும், வேலைக்கு வர ஆள் இருக்காது, குத்தகை என்பது அரசு தானே கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்கிறார்கள். கடைசி வாதத்துக்கு மட்டும் எடை உண்டு. அதற்கு வழி பேச்சுவார்த்தையும் நியாயமான இழப்பீடும் குத்தகை வாடகைக் குறைப்பும். மற்ற இரண்டும் நிற்காதவை. லயங்களும் முற்றங்களும் மயானங்களும் பிடித்திருப்பது தோட்டப் பரப்பில் சிறு பங்கு. அங்கே இன்றும் தேயிலை இல்லை. ஆட்கள் போவதைக் காணி உறுதி கொடுக்காமல் தடுக்க முடியும் என்றால் இந்த 30 ஆண்டுகளில் ஒருவரும் போயிருக்கக் கூடாது. போனார்கள்; சொந்த முற்றம் இல்லை என்பதும் போனதற்கு ஒரு காரணம்.

ஆகவே அரசாங்கம் கொண்டுவர வேண்டிய சட்டம் தெளிவானது. தோட்டக் குத்தகைகளிலிருந்து குடியிருப்பு நிலத்தையும், மக்கள் நடக்கும் பாதைகளையும், குடிநீர் ஊற்றுகளையும், மயானம், மைதானம் போன்ற பொது இடங்களையும் அளந்து பிரித்தெடுக்க வேண்டும். பொது இடங்களும் பாதைகளும் பிரதேச சபைக்கு உரித்தாக வேண்டும். வீட்டுக் காணி குடும்பத்துக்கு உரித்தாக வேண்டும். உறுதியில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்வது அதற்கு நிபந்தனையாகக் கூடாது. 33ஆம் பிரிவின் கீழ்ச் சபை செய்யும் பணிக்கு நிர்வாகத்துக்கு அறிவித்தல் கொடுத்தால் போதும், அனுமதி தேவையில்லை என்று வெளிப்படையாக எழுதப்பட வேண்டும்.

அச்சட்டம் வரும்வரை சபைகள் கைகட்டி இருக்கத் தேவையில்லை. நோர்வூட், அம்பகமுவ பிரதேச சபைகள் தம் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு தோட்டப் பாதையையும் நீளம், நிலை, பயன்படுத்தும் குடும்பங்களின் எண்ணிக்கை ஆகியவற்றோடு ஒரு பதிவேட்டில் ஏற்றலாம். இணக்கம் கேட்டு அனுப்பும் கடிதங்களையும் அவற்றுக்குத் தோட்ட நிர்வாகங்கள் தரும் பதில்களையும், பதில் வராததையும், சபை அமர்வில் பகிரங்கமாக வைக்கலாம். அஞ்சல் திணைக்களத்தோடு பேசி லயத்து வீடுகளுக்கு இலக்கமும் பாதைகளுக்குப் பெயரும் கொடுக்கலாம். இன்று கடிதங்கள் தோட்ட ஆபீசில் இறங்கி, அங்கிருந்து யாரோ ஒருவர் கையில் வந்து சேருகின்றன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு பரீட்சை முடிந்த பிறகு கிடைப்பது மலையகத்தில் பழகிப்போன செய்தி. வீட்டுக்கு இலக்கமிடப் பெரும் பணம் தேவையில்லை. 2025இல் வாக்குக் கேட்டு லயம் லயமாக ஏறிய உறுப்பினர்கள் சபையின் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் முதலில் கேட்க வேண்டியவை இந்தப் பதிவேடும் இலக்கமும்.