பசையா, தையலா? உங்க ஷூவைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க!

போன மழையில் மஞ்சக்குப்பம் மைதானத்தைத் தாண்டுவதற்குள் என் ஷூ வாயைப் பிளந்துவிட்டது. வாங்கி நாலு வருஷம். கல்யாணம் காட்சிக்கு மட்டும் போட்டது, மேல் தோல் புதுசு மாதிரியே இருந்தது. சாலையோரம் செருப்பு தைக்கும் பெரியவரிடம் நீட்டினேன். அடியை அழுத்தினார், மாவாக உதிர்ந்தது.

"இது ஒட்டுன மால் தம்பி. ஊசி குத்தினா நூல் புடிக்க எடம் வேணும்ல? தூக்கிப் போட்டுடு."

போடாமலே வைத்திருந்தாலும் தப்பாது. பாலியூரிதேன் சோல் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி உள்ளுக்குள்ளேயே சிதையும். கடலூர் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தைத்த பூட்ஸின் கதை வேறு. அதில் மேல் தோலின் விளிம்பைச் சுற்றி 'வெல்ட்' என்ற தோல் பட்டை ஓடும். முதல் தையல், மேல் தோலையும் உள் சோலையும் பட்டையோடு பிணைக்கும். இரண்டாவது தையல் அடி சோலை அந்தப் பட்டையோடு மட்டும் சேர்க்கும். அடி தேய்ந்ததா? இரண்டாவது தையலைப் பிரித்து, வேறு சோல் வைத்துத் தைத்தால் போதும். மேல் தோலில் கை வைக்க வேண்டாம். கையால் செய்த இந்த வேலை 1870களில் மெஷினுக்கு வந்தது. 'குட்இயர் வெல்ட்' என்ற பெயர், ரப்பரைப் பதப்படுத்திய குட்இயரின் மகன் பெயரில் வந்தது. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் இந்த முறையில் ஷூ தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள்.

ஆனால், இப்போது தமிழ்நாட்டில் வளர்வது தோல் அல்லாத காலணி. 2022-ல் அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. 2023-ல் பெரம்பலூரில் க்ராக்ஸ் தயாரிப்பு தொடங்கியது. அதே வருஷம், நமக்குப் பக்கத்திலேயே உளுந்தூர்பேட்டையில் தைவானின் பௌ சென் 2,302 கோடி ரூபாய் முதலீட்டில் 20,000 பேருக்கு வேலை தருவதாக ஒப்பந்தம் போட்டது. வேலை வருவதில் சந்தோஷம்தான். ஆனால் ஸ்போர்ட்ஸ் ஷூ பெரும்பாலும் பசையில் நிற்கும் சரக்கு. ரிப்பேர் செய்கிறவருக்கு அதில் வேலையே இல்லை. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தில் விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என நாலு துறைகள் இருந்தன. காலில் போடுவது இல்லை!

நம்ம வெயிலுக்கு எல்லாருக்கும் பூட்ஸ் தேவையில்லை, கனமும் விலையும் அதிகம். வாங்குகிறவர்கள் ஓரத் தையலை மட்டும் நம்பிவிடாதீர்கள். ரப்பரில் அச்சடித்த போலித் தையலும் உண்டு. சோலின் அடியில் பள்ளத்துக்குள் நூல் தெரிகிறதா என்று பாருங்கள். அடியை மாற்ற முடியுமா என்று கடைக்காரரைக் கேளுங்கள்.

பெரியவர் என் ஷூ லேஸை மட்டும் உருவி எடுத்து வைத்துக்கொண்டார். பேத்தி உளுந்தூர்பேட்டை கம்பெனிக்கு மனு போடப் போகிறாளாம். "பி.எஃப். புடிப்பாங்களா தம்பி?" என்று கேட்டார்.